முடிவு வரும் முன்பே முடியும் வணிகம்: தொழில்நுட்பப் பங்குகளும் காலாண்டு அறிவிப்புகளும்

கேள்வி

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட ஒவ்வொரு நிறுவனமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன் வரவு செலவை வெளியிட வேண்டும். இந்தியாவில் காலாண்டு முடிந்த 45 நாள்களுக்குள்ளும், ஆண்டுக் கணக்கை 60 நாள்களுக்குள்ளும் வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியின் விதி. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் இரண்டாவது வாரத்தில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் முதலில் வரும், மற்றவை பின்தொடரும். அந்த நாள்களில் ஒரு பங்கு ஒரே அமர்வில் பத்து விழுக்காடு ஏறுவதும் இருபது விழுக்காடு இறங்குவதும் நடந்திருக்கிறது. இந்த அசைவைப் பிடித்துப் பணம் பார்க்கலாம் என்ற நம்பிக்கை சிறு முதலீட்டாளரிடம் வலுவாக இருக்கிறது. செய்தி வெளியானபின் அதைப் படித்து வாங்குபவருக்கும் விற்பவருக்கும் உண்மையில் என்ன மிஞ்சுகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

விலை எதைக் கண்டு அசைகிறது

லாபம் கூடினால் விலை ஏறும், குறைந்தால் இறங்கும் என்பது பொதுவான புரிதல். இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் வரலாறு இந்தப் புரிதலைத் திரும்பத் திரும்பப் பொய்யாக்குகிறது.

2003 ஏப்ரல் 10 அன்று அந்நிறுவனப் பங்கு ஒரே நாளில் காற்பங்குக்கு மேல் மதிப்பிழந்தது. முடிந்த ஆண்டின் கணக்கில் குறையில்லை. வரும் ஆண்டுக்கு நிர்வாகம் சொன்ன வளர்ச்சி மதிப்பீடுதான் சந்தை நினைத்ததைவிடக் குறைவாக இருந்தது. பத்து ஆண்டு கழித்து அதே கதை நடந்தது. 2013 ஜனவரி 11 அன்று எதிர்பார்த்ததைவிட நல்ல முடிவு வந்து பங்கு ஏறத்தாழ 17 விழுக்காடு ஏறியது. மூன்றே மாதத்தில், ஏப்ரல் 12 அன்று, 21 விழுக்காடு சரிந்தது. அந்தக் காலாண்டிலும் நிகர லாபம் முந்தைய ஆண்டைவிடச் சற்றுக் கூடுதலாகவே, 2,394 கோடி ரூபாயாக இருந்தது. ஆனால் அடுத்த ஆண்டுக்கு 6 முதல் 10 விழுக்காடு வருவாய் வளர்ச்சி என்று நிர்வாகம் சொன்னது. மென்பொருள் துறைச் சங்கமான நாஸ்காம் அதே ஆண்டுக்கு 12 முதல் 14 விழுக்காடு என்று கணித்திருந்தது. ஜூலை 12 அன்று மீண்டும் 11 விழுக்காடு ஏற்றம். ஏப்ரலில் பயந்து விற்றவர்கள் இழந்ததை, விற்காமல் இருந்தவர்கள் அந்த ஆண்டு முடிவதற்குள் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

ஆக, சந்தை இரண்டு எண்களைப் பார்க்கிறது. ஒன்று, முன்பே கணித்து வைத்திருந்ததற்கும் வந்த முடிவுக்கும் உள்ள இடைவெளி. மற்றொன்று, நிர்வாகம் வரும் மாதங்களைப் பற்றிச் சொல்லும் மதிப்பீடு. சந்தைப் பேச்சில் 'கைடன்ஸ்'. பழனி மலையின் பூம்பாறையிலும் மன்னவனூரிலும் விளையும் மலைப்பூண்டுக்கும் இதே நடைமுறைதான். மழை பொய்த்து விளைச்சல் குறையும் என்று தெரிந்த வாரத்திலேயே வடுகபட்டிச் சந்தை விலையை ஏற்றிவிடும். குறைந்த விளைச்சல் மூட்டையாக வந்து இறங்கும் நாளில் புதிதாக ஏற ஒன்றும் இருக்காது. நினைத்ததைவிட இரண்டு வண்டி கூடுதலாக வந்தால், விளைச்சல் குறைந்த அந்த ஆண்டிலும் விலை இறங்கும்.

தொழில்நுட்பப் பங்குகளில் இந்த இயல்பு மற்றத் துறைகளைவிடக் கூர்மையாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. சிமென்ட் ஆலைக்கு நிலமும் எந்திரமும் கையிருப்பாக உள்ளன. மென்பொருள் நிறுவனத்தின் விலையில் பெரும்பகுதி இனிமேல் வரப்போகும் வருவாயின் மீதான நம்பிக்கை. பத்தாண்டு வளர்ச்சியை இன்றைய விலையில் ஏற்றி வைத்திருப்பதால், வளர்ச்சி மதிப்பீட்டில் மூன்று விழுக்காடு குறைந்தாலும் விலை பெரிதாக ஆட்டம் காணும்.

ஆய்வுகள் காட்டுவது

ரே பாலும் பிலிப் பிரவுனும் 1968இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் அடிக்கல். நியூயார்க் பங்குச் சந்தை நிறுவனங்களின் ஆண்டு லாப அறிவிப்புகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். லாபக் கணக்கு தரும் தகவலில் 85 முதல் 90 விழுக்காடு, அறிக்கை வெளிவரும் முன்பே வேறு வழிகளில் விலையில் சேர்ந்துவிடுகிறது என்று கண்டார்கள். இது கணக்கியலாளர்களுக்கு அவ்வளவு இனிப்பான செய்தி அல்ல.

அதே ஆய்வு வேறொன்றையும் காட்டியது. அறிவிப்புக்குப் பின்னும் விலை அதே திசையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருந்தது. 1989இல் விக்டர் பெர்னார்ட், ஜேக்கப் தாமஸ் இருவரும் இந்த நகர்வை விரிவாக நிறுவினார்கள். எதிர்பார்ப்பை மிஞ்சிய பங்குகளை அறிவிப்புக்குப் பின் வாங்கினாலும் சில வாரங்களுக்குக் கூடுதல் ஆதாயம் கிடைத்தது. செய்தியைப் படித்தபின் வணிகம் செய்வோரின் நம்பிக்கைக்கு ஏட்டளவில் உள்ள வலுவான ஆதாரம் இதுதான். ஆனால் சார்லஸ் மார்ட்டினோவின் அண்மைக்கால ஆய்வின்படி அமெரிக்காவின் பெரிய நிறுவனப் பங்குகளில் 2006க்குப் பின் இந்த நகர்வு ஏறத்தாழ மறைந்துவிட்டது. முன்பு வாரக்கணக்கில் நடந்த சரிக்கட்டல், கணினி வழி வணிகத்தால் அறிவிப்பு வந்த பொழுதிலேயே முடிந்துவிடுகிறது. பாடப்புத்தகத்தில் இடம்பெற்ற ஓர் ஆதாயம், பலரும் அதை நாடியதாலேயே இல்லாமல் போயிருக்கிறது.

பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடீன் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு விலையை விட்டு மனிதரைப் பார்த்தது. 1991 முதல் 1996 வரை ஓர் அமெரிக்கத் தரகு நிறுவனத்தில் கணக்கு வைத்திருந்த 66,465 குடும்பங்களின் வணிகத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சந்தை ஆண்டுக்கு 17.9 விழுக்காடு ஈட்டிய காலத்தில், மிக அதிகமாக வாங்கி விற்ற குடும்பங்கள் 11.4 விழுக்காடு மட்டுமே ஈட்டின. 2008இல் வந்த அவர்களின் மற்றோர் ஆய்வு, செய்தியில் அடிபடும் பங்குகளையே தனிநபர்கள் தேடிப்போய் வாங்குகிறார்கள் என்று காட்டியது. காலாண்டு முடிவு நாள் அப்படிப்பட்ட நாள்.

அறிவிப்புக்கும் அடுத்த அமர்வுக்கும் இடையில்

1994 நவம்பரில் தேசியப் பங்குச் சந்தை செயற்கைக்கோள் வழி முனையங்களுடன் பங்கு வணிகத்தைத் தொடங்கும்வரை, கொடைக்கானலிலோ பழனியிலோ இருப்பவர் பங்கு வாங்க மதுரையிலோ கோவையிலோ சென்னையிலோ உள்ள தரகரை நம்ப வேண்டியிருந்தது. பிறகு டீமேட் கணக்கும் கைப்பேசியும் வந்தன. 1937இல் மறுபடி அமைக்கப்பட்ட சென்னைப் பங்குச் சந்தை 2015இல் செபியின் அனுமதியுடன் விலகியது. கோவைப் பங்குச் சந்தை அதற்கு முன்பே, 2013இல் மூடியது. இன்று மலையுச்சியில் இருப்பவரும் மும்பை தலால் தெருவில் இருப்பவரும் ஒரே திரையைத்தான் பார்க்கிறார்கள். தொலைவு ஒழிந்தது உண்மை. நேரம் ஒழியவில்லை.

2023 ஏப்ரலில் நடந்ததை நாள்வாரியாகப் பார்த்தால் இது விளங்கும். ஏப்ரல் 13, வியாழக்கிழமை, இந்தியச் சந்தை மாலை 3:30க்கு முடிந்தபின் இன்ஃபோசிஸ் முடிவுகள் வந்தன. நிகர லாபம் 6,128 கோடி ரூபாய், முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 7.8 விழுக்காடு அதிகம். ஆனால் முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டால் வருவாய் சுருங்கியிருந்தது. வரும் ஆண்டுக்கான மதிப்பீடு 4 முதல் 7 விழுக்காடு வளர்ச்சி மட்டுமே. அன்றிரவே நியூயார்க்கில் அந்நிறுவனத்தின் பங்குப் பத்திரங்கள் சரிந்தன. மறுநாள் ஏப்ரல் 14: தமிழ்ப் புத்தாண்டு, அம்பேத்கர் பிறந்தநாள்; இந்தியச் சந்தைக்கு விடுமுறை. நியூயார்க்கில் வணிகம் உண்டு. அடுத்து சனி, ஞாயிறு. நீண்ட விடுமுறைக்குக் கொடைக்கானல் ஏறி, ஏரிக்கரையில் நின்று கைப்பேசியில் நியூயார்க் விலையைப் பார்த்த முதலீட்டாளருக்குத் தன் பங்கின் கதி நன்றாகத் தெரியும். விற்க மட்டும் வழியில்லை.

ஏப்ரல் 17, திங்கட்கிழமை சந்தை திறந்தபோது பங்கு படிப்படியாக இறங்கவில்லை. இடையிலுள்ள விலைகளைத் தாண்டி நேரே கீழே போய்த் தொடங்கியது. வியாழக்கிழமை 1,388 ரூபாயில் முடிந்த பங்கு, அன்று ஒரு கட்டத்தில் 1,200 ரூபாய்க்கும் கீழே போய், 9 விழுக்காட்டுக்கு மேல் இழப்புடன் முடிந்தது. 1,350 ரூபாயில் 'ஸ்டாப் லாஸ்' (விலை அந்த அளவுக்கு இறங்கினால் விற்றுவிடு என்ற உத்தரவு) போட்டு வைத்திருந்தவர் அந்த விலையில் விற்றிருக்க முடியாது, ஏனெனில் 1,350 என்ற விலையே அன்று வரவில்லை. கிடைத்த முதல் விலைக்குத்தான் பங்கு போயிருக்கும். அறிவிப்பு நாளில் நட்டத்துக்கு வரம்பு கட்டிவிட்டதாக நினைப்பது பெரும்பாலும் தவறான நிம்மதி.

ஆப்ஷன் (குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உள்ள உரிமை) வாங்கி இதைச் சமாளிக்கலாம் என்ற வாதம் உண்டு. முடிவு நாள் நெருங்க நெருங்க, பெரிய அசைவு வரும் என்ற எண்ணத்தில் ஆப்ஷன்களின் விலையான பிரீமியம் ஏறும். அறிவிப்பு வந்ததும் ஐயம் தீர்ந்துவிடுவதால் பிரீமியத்தில் அந்தப் பகுதி கரைந்துவிடும். திசையைச் சரியாகக் கணித்தவரும், அசைவு பிரீமியத்தில் ஏற்கெனவே விலை வைத்த அளவைத் தாண்டாவிட்டால், நட்டத்தோடு வெளியேறுவார்.

முன்கூட்டி அறிந்தவர்

செய்திக்குப் பின் ஆதாயம் இல்லையென்றால் முன்னால் எவ்வளவு இருக்கிறது? இதற்குச் சான்று கணக்கியல் ஏடுகளைவிட நியூயார்க் நீதிமன்ற ஆவணங்களில் துல்லியமாகக் கிடைக்கிறது. அங்கே நடந்த ஓர் உள்தகவல் வணிக வழக்கின் நடுநாயகர் ஓர் ஈழத் தமிழர்.

ராஜ் ராஜரத்தினம் 1957இல் கொழும்பில் பிறந்தவர். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியலும் அமெரிக்காவின் வார்ட்டனில் நிர்வாகவியலும் படித்து, நீடம் நிறுவனத்தில் மின்னணுத் துறை ஆய்வாளராகச் சேர்ந்து அதன் தலைவராக உயர்ந்தார். 1997இல் கேலியன் நிதியத்தைத் தொடங்கினார். தொழில்நுட்பப் பங்குகளே அதன் பலம். உச்சத்தில் ஏறத்தாழ 700 கோடி டாலரை நிர்வகித்தது. கொழும்புப் பங்குச் சந்தையிலும் அவர் பெரிய முதலீட்டாளர். 2009 அக்டோபர் 16 அன்று கைதானார்.

வழக்கில் வெளிவந்த வணிகங்கள் பலவும் காலாண்டு முடிவுகளைச் சுற்றியவை. 2006 தொடக்கத்தில் பாலிகாம் பங்கு தொடர்பாக அவருக்கு ஓர் உடனடிச் செய்தி வந்தது. நிறுவனத்தின் மதிப்பீடு தெரியும்வரை வாங்க வேண்டாம் என்பது அதன் சாரம். முடிந்த காலாண்டின் லாபத்தோடு அவர்கள் நிறைவடையவில்லை. விலையை அசைப்பது வருங்கால மதிப்பீடு என்பதை நன்கு அறிந்திருந்தார்கள். 2007 ஜூலையில் கூகுள் முடிவுகள் வரும் முன், அந்நிறுவனத்துக்கு முதலீட்டாளர் தொடர்புப் பணி செய்த ஆலோசனை நிறுவன ஊழியர் ஒருவரிடமிருந்து, லாபம் எதிர்பார்ப்பை எட்டாது என்ற தகவல் கசிந்து கேலியனை அடைந்தது. ஜூலை 19 அன்று கூகுள் 28 விழுக்காடு லாப உயர்வை அறிவித்தது. மறுநாள் பங்கு ஏறத்தாழ 548 டாலரிலிருந்து 520 டாலருக்கு இறங்கியது. லாபம் உயர்ந்தும் விலை சரியும் என்று முன்பே தெரிந்து விலைச் சரிவின் மீது பணம் வைத்திருந்த கேலியன் சில நாள்களில் பல லட்சம் டாலர் ஈட்டியது.

வங்கித் துறை நிகழ்வு ஒன்றும் இங்கே சொல்லத்தக்கது. 2008 அக்டோபர் 23 அன்று கோல்ட்மேன் சாக்ஸ் இயக்குநர் குழுவின் தொலைபேசிக் கூட்டத்தில் நிறுவனம் நட்டத்தில் போகிறது என்ற தகவல் வந்தது. கூட்டம் முடிந்த 23 விநாடிகளில் இயக்குநர் ரஜத் குப்தா ராஜரத்தினத்தை அழைத்தார். மறுநாள் காலையிலேயே கேலியன் தன்னிடமிருந்த கோல்ட்மேன் பங்குகளை விற்றது. பொதுமக்களுக்கு அந்த நட்டம் அறிவிக்கப்பட்டது டிசம்பர் 16 அன்று. ஏறத்தாழ எட்டு வார இடைவெளி.

ராஜரத்தினத்தின் தரப்பு, சிதறிக் கிடக்கும் பொதுத் தகவல்களைக் கூட்டி முடிவுக்கு வருவது ஆய்வாளரின் நியாயமான வேலை என்று வாதிட்டது. பின்னாளில் எழுதிய நூலிலும் அவர் தன் குற்றமின்மையை வலியுறுத்தினார். இந்த வாதத்தை அப்படியே தள்ளிவிட முடியாது; நல்ல ஆய்வாளர் செய்வது அதைத்தான். ஆனால் ஒட்டுக்கேட்ட தொலைபேசி உரையாடல்களைக் கேட்ட நடுவர் குழு, 2011 மே 11 அன்று 14 குற்றச்சாட்டுகளிலும் அவரைக் குற்றவாளி என்றது. 11 ஆண்டு சிறை, 1 கோடி டாலர் அபராதம், 5.38 கோடி டாலர் பறிமுதல். தனி உரிமையியல் வழக்கில் 9.28 கோடி டாலர் தண்டம். குப்தாவுக்கு 2 ஆண்டு சிறை. தொழில்நுட்பப் பங்குகளைக் கால் நூற்றாண்டு ஆராய்ந்த ஒருவர், படையணியாக ஆய்வாளர்களை வைத்திருந்தவர், முடிவு நாளில் உறுதியாக வெல்லத் திருட்டுத் தகவலை நாடினார் என்பதே இவ்வழக்கு ஆய்வுலகுக்குத் தரும் முக்கியமான சான்று.

இந்தியச் சட்டமும் நிரூபணமும்

செபியின் 2015ஆம் ஆண்டு உள்தகவல் வணிகத் தடை விதிகளின்படி, காலாண்டு முடிந்த நாளிலிருந்து முடிவு வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை, தகவல் அறியக்கூடிய ஊழியர்கள் தம் நிறுவனப் பங்கில் வணிகம் செய்யக்கூடாது. சம்பளத்தோடு பங்கும் பெறும் சென்னை, கோவை மென்பொருள் ஊழியர்கள் பலர் நேரடியாக அறிந்த விதி இது.

விதி தெளிவு, நிரூபணம் கடினம். 2017இல் பல நிறுவனங்களின் காலாண்டு எண்கள் வெளியாகும் முன்பே வாட்ஸப் குழுக்களில் உலவியது வெளிப்பட்டது. செபி விசாரித்து 2020இல் சிலருக்கு அபராதம் விதித்தது. 2021 மார்ச்சில் பங்குச் சந்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது: நிறுவனத்துக்குள்ளிருந்து கசிந்ததா, தரகர்களின் கணிப்புகளில் ஒன்று தற்செயலாகப் பொருந்தியதா என்பது நிறுவப்படவில்லை. தீர்ப்பாயத்தின் தர்க்கத்தில் பிழை காண்பது எளிதல்ல. ஆனால் சிறு முதலீட்டாளருக்கு அது சொல்லும் செய்தி வேறு. தனக்கு எதிரே நின்று விற்பவர் என்ன அறிந்திருக்கிறார் என்பதை அவர் எப்போதும் அறியப்போவதில்லை.

கணக்கு சொல்லாதவை

இதுவரையான வாதம், வெளியிடப்படும் எண் உண்மை என்று வைத்துக்கொண்டது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம் அந்த அனுமானத்தையும் உடைத்தது. 2008 செப்டம்பர் காலாண்டில் இயக்க லாபம் 649 கோடி ரூபாய், வருவாயில் 24 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டிருந்தது. உண்மையில் அது 61 கோடி, 3 விழுக்காடு. இருப்பதாகக் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. அன்று பங்கு முக்கால் பங்குக்கு மேல் மதிப்பிழந்தது. பல காலாண்டுகளாக அந்த முடிவுகளை வரிவரியாகப் படித்து வாங்கி விற்றவர்கள் கற்பனை எண்களோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

பொய் இல்லாத கணக்கும் முழுமையானதல்ல. கொடைக்கானலில் பாம்பார் சோலைச் சரிவின் மேல் 1980களில் அமைந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை பின்னர் இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லின் பழைய பொருள் கிடங்கு ஒன்றில் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு கண்டுபிடிக்கப்பட்டு, ஆலை மூடப்பட்டது. 2003இல் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது 2016 மார்ச்சில். ஆலை இயங்கியது இருபது ஆண்டுக்கும் குறைவு. தொழிலாளர்களுடனான உடன்பாட்டுக்கே அதற்குப் பின் பதினைந்து ஆண்டு ஆயிற்று. மூன்று மாத அளவுகோல் அளக்கக்கூடிய பொருள் அல்ல இது. லாபத்தை மட்டும் படிப்பவர் நிறுவனத்தைப் படித்தவர் ஆகார்.

யார் கையில் மிஞ்சுகிறது

இந்தியத் தனிநபர் வணிகர்களின் நிலையைச் செபியே அளந்திருக்கிறது. 2021-22 முதல் 2023-24 வரை பங்குகளின் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் பிரிவில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தார்கள். சராசரி நட்டம், செலவுகளும் சேர்த்து, ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். மறுபக்கம், 2023-24இல் தரகு நிறுவனங்களின் சொந்த வணிகம் ஏறத்தாழ 33,000 கோடியும் அயல்நாட்டு முதலீட்டாளர்கள் 28,000 கோடியும் மொத்த லாபம் பார்த்தனர். அதில் 95 விழுக்காட்டுக்கு மேல் கணினி நிரல்கள் ஈட்டியது. பங்குகளை அன்றே வாங்கி அன்றே விற்போரிலும் 2022-23இல் பத்தில் ஏழு பேருக்கு நட்டம்.

இந்த எண்கள் எல்லா வகை வணிகத்துக்கும் பொதுவானவை. முடிவு நாள் வணிகத்தையோ தொழில்நுட்பப் பங்குகளையோ தனியே பிரித்துக் காட்டுபவை அல்ல. ஆகவே இவை நேரடிச் சான்று ஆகா. ஆனாலும் முன்னே கண்ட ஆய்வுகளோடும் வழக்குகளோடும் சேர்த்துப் படித்தால் திசை ஒன்றுதான். வேகத்தில் நிரல்கள் முந்துகின்றன. ஆழத்தில், ஆண்டு முழுவதும் ஒரே துறையைப் பார்க்கும் ஆய்வாளர்கள் முந்துகிறார்கள். சட்டத்தை மீறுவோர் இருவரையும் முந்துகிறார்கள். நிறுவனத்தைப் புரிந்து வைத்துக்கொண்டு பல ஆண்டு காத்திருப்பவருக்குக் காலாண்டு அறிக்கை பயனுள்ள ஆவணம். 2013இன் இன்ஃபோசிஸ் அதற்குச் சான்று. அறிக்கை வந்த மாலையில் அதைப் படித்து மறுநாள் காலை வாங்குபவரோ விற்பவரோ நம்பும் ஆதாயத்துக்கு, பெரிய தொழில்நுட்பப் பங்குகளைப் பொறுத்தவரை, இன்று நம்பத்தக்க ஆதாரம் இல்லை.